கதவு மிஸ் போட்ட திட்டம்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒதுக்கிய அறை, விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்கும் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து ரப்பர் பந்து வாசனை வரும், மறுபக்கத்திலிருந்து பினாயில். கதவில் 'உளவியலாளர்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தே பிள்ளைகள் எச்சில் விழுங்கினார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் முழுக்க அந்தப் பலகைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். எவனாவது எவனையாவது அடித்தால், பெஞ்சைக் கீறினால், ஆசிரியரை எதிர்த்துப் பேசினால், அந்த ரூமுக்குப் போ, அவங்க உன்னைச் சரி பண்ணட்டும் என்று அனுப்பிவைப்பார்கள். வருகிற பிள்ளை பல்லைப் பிடுங்க வந்ததுபோல நாற்காலி நுனியில் உட்காரும். என்ன கேட்டாலும், சாரி மிஸ், இனிமே பண்ண மாட்டேன் மிஸ் என்று ஒப்பிக்கும். எதைப் பண்ண மாட்டாய் என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும். எல்லாம் நடந்து முடிந்தபிறகு கூட்டிப் பெருக்குகிற வேலையாக இருந்தது அது.

இரண்டாம் வருஷம் அறையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். காலையில் வகுப்புக் கதவுகளில் நின்றார். இடைவேளையில் மாடிப்படியில் நின்றார். சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் நின்றார். வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவார். தலை சீவாமல் வந்தவனைப் பார்த்ததும், காலையில் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவனை இன்று கரும்பலகைக்குக் கூப்பிட வேண்டாம் என்று வகுப்பு ஆசிரியரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். இப்படி நின்று நின்று 'கதவு மிஸ்' என்று பெயர் வந்தது. அவருக்கு அந்தப் பெயரில் வருத்தம் இல்லை. பலகையில் இருந்ததைவிடக் கூப்பிடச் சுலபமாக இருந்தது.

குழாயடியில் தினமும் சண்டை. இருந்த நான்கு குழாயில் ஒன்றில்தான் தண்ணீர் ஒழுங்காக வந்தது. மற்றவை மூக்கு ஒழுகுவதுபோல ஒழுகும். ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு, சண்டைக்காரப் பிள்ளைகளின் பெயருக்குப் பதிலாக பிளம்பரின் போன் நம்பரைத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சைக்காலஜி படிச்சவங்க குழாய்க்கு வாஷர் கேக்குறாங்க என்று ஆசிரியர் அறையில் ஒரு மாதத்துக்குச் சிரித்தார்கள். வாஷர் மாற்றிய பிறகு குழாயடியில் சத்தம் குறைந்ததை யாரும் பார்க்கவில்லை.

அதுதான் அந்த வேலையில் உள்ள கஷ்டம். மாதக் கடைசியில் தலைமையாசிரியை கூப்பிட்டு, என்ன செய்தீர்கள் என்று கேட்பார்.

"குழாயடியில சண்டை வரல மேடம்."

"வராததை நான் எங்கம்மா எழுதுறது?"

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. மேலே பதில் சொல்ல வேண்டியவர். அடுத்த மாதமும் அதே கேள்வியைக் கேட்பார், அதே பதிலைக் கேட்டுக்கொண்டு பேனாவை மூடிவைப்பார்.

வீட்டில் நிலைமை வேறு. கணவருக்குச் செருப்புக் கடையில் விற்பனையாளர் வேலை. நாள் முழுக்க ஊரார் காலடியில் உட்கார்ந்து எழுந்து, ராத்திரி தன் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பிள்ளைங்களோட கதவுக்கெல்லாம் காவல் நிக்கிறே, நம்ம வீட்டுப் பின்கதவு ஒரு மாசமா கீச்சுகீச்சுன்னு கத்துது, அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போட நாதியில்லை என்பார். மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அம்மா குரலை உயர்த்தினால் போதும், மூச்சை நல்லா இழுத்து விடும்மா, ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணு என்பாள். கதவு மிஸ்ஸுக்குத் தன் வீட்டில் மட்டும் நிம்மதியாகக் கோபப்படக் கொடுத்துவைக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் குக்கர். திடீரென்று கத்துவாள், கையில் கிடைத்ததை வீசுவாள். அதனால் வந்த பெயர். பெயர் வந்த பிறகு அவளைக் கிளப்பிவிடுவது இன்னும் சுலபமாகிவிட்டது. பக்கத்தில் போய் "உஸ்ஸ்" என்று மெல்லச் சத்தம் கொடுத்தால் போதும். ஒருவன், ரெண்டு விசில் வந்தாச்சுடா என்பான். இன்னொருத்தி, அடுப்பை அணைங்கப்பா என்பாள். அப்புறம் நிஜமாகவே வெடிக்கும். 'உஸ்ஸ்' ஆசிரியர்கள் காதில் விழுவதில்லை. வெடித்தது மட்டும்தான் விழும்.

இது அவளுக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். வருஷ ஆரம்பத்தில் ஒருவனைத் தள்ளி, அவன் மூக்குக்கண்ணாடி நொறுங்கிப்போனது. தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, இன்னொரு முறை ஏதாவது உடைந்தால் டி.சி.யை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். சோப்பும் சுடுதண்ணீரும் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெளிறிப்போயிருந்தது. கேட் பக்கத்தில் நின்றிருந்த கதவு மிஸ்ஸைத் தேடி வந்து, அழாமல், கணக்கு வாத்தியார் மாதிரி விஷயத்தைச் சொன்னாள்.

"இதை விட்டா அடுத்த ஸ்கூல் ஆத்துக்கு அந்தப் பக்கம் மேடம். ரெண்டு பஸ் மாறணும். சின்னதுங்க ரெண்டையும் இங்கேருந்து இவதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறா. நான் வர்றவரைக்கும் இவதான் பாத்துக்கிறா. இவளை அங்க போட்டா அதுங்களை யார் பாக்கிறது? ஒண்ணு நான் வேலையை விடணும், இல்லேன்னா இவ படிப்பை விடணும். வேலையை என்னால விட முடியாது."

மிச்சத்தைச் சொல்லாமலே புரிந்தது.

கதவு மிஸ் அந்தப் பெண்ணை அறைக்குக் கூப்பிடவில்லை. எங்கே வெடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார். பெரும்பாலும் மாடிப்படியில்தான். அறிவியல் அறை முடிந்து மொத்த வகுப்பும் ஒரே நேரத்தில் இறங்கும். பாதியில் படி திரும்புகிற இடம் குறுகல். நெருக்கித் தள்ளிக்கொண்டு இறங்குகிற அந்த இடத்தில்தான் பின்னாலிருந்து 'உஸ்ஸ்' வரும். யார் வாயிலிருந்து வந்தது என்று தெரியாது, திரும்பவும் இடம் இருக்காது.

அறிவியல் ஆசிரியையிடம் பேசி, வகுப்பைப் பெஞ்சு பெஞ்சாக வெளியே விடவைத்தார். குக்கரின் பெஞ்சு முதலில். 'உஸ்ஸ்' கோஷ்டியின் தலைவன் வளர்ந்து கெட்டவன்போல நெடுநெடுவென்று இருப்பான். அவனைக் கண்டிக்கவில்லை. படி திரும்புகிற இடத்தில் அவனைப் பிடித்து, நேத்து மேட்ச் என்னாச்சுப்பா என்று கேட்பார். பந்து விளையாட்டில் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவன் தலையில் அடித்துக்கொண்டு, கோல்னா என்னான்னு தெரியுமா மிஸ் என்று தொடங்கிக் கீழ்ப்படி வரைக்கும் விளக்குவான். வாய் இங்கே பேசிக்கொண்டிருந்ததால் 'உஸ்' சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

சில வாரம் எதுவும் உடையவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நன்றாகப் போகிற காரியத்தை இன்னும் கொஞ்சம் நன்றாக்கலாம் என்று கை துறுதுறுக்கும் இல்லையா, அவருக்கும் துறுதுறுத்தது.

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து பேசினார். அந்தப் பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்தில் தன் பெயரைக் கேட்பதெல்லாம் திட்டு வாங்கும்போது மட்டும்தான், அவள் ஒன்றை ஒழுங்காகச் செய்யும்போதும் யாராவது அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும், அது பின்னால் பல சண்டையைத் தடுக்கும் என்றார். செஞ்சா சொல்லலாம், செய்யணுமே என்று தமிழ் ஆசிரியை சொல்ல, கணக்கு ஆசிரியர் சிரித்தார். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஒத்துழைக்க வேண்டும், நாளையிலிருந்தே ஆரம்பியுங்கள் என்று முடித்துவைத்தார்.

ஆசிரியர்கள் ஒரு விதமான மனிதர்கள். கொடுத்த வீட்டுப்பாடத்தை அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று ஆயுள் முழுக்கப் பிறத்தியாருக்குச் சொல்லிச் சொல்லி, தங்களுக்குக் கொடுத்தாலும் அதேபோல முடித்துவிடுவார்கள். ஒருவர்கூடத் தள்ளிப்போடவில்லை. மறுநாளே எல்லாரும் முடித்தார்கள்.

காலை முதல் வகுப்பில் தமிழ் ஆசிரியை அவள் நோட்டைத் தூக்கிக் காட்டி, கையெழுத்தைப் பாருங்கள், முத்து முத்தாக இருக்கிறது என்றார். அவள் பாதிப் பக்கம்கூட எழுதவில்லை. அடுத்து வந்த கணக்கு ஆசிரியர், விடையைத் தப்பாகப் போட்டிருந்தவளிடம், போட்ட விதம் ரொம்ப அழகு என்றார். அறிவியலில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததற்குப் பாராட்டு. விளையாட்டு மாஸ்டர் மைதானத்தில் எல்லாரையும் நிறுத்திவைத்து, வரிசையில நிக்கிறதுன்னா இப்படி நிக்கணும், இவளைப் பாத்துக் கத்துக்கோங்க என்றார். வரிசையில் நிற்பதைத் தவிர அவள் வேறு எதுவும் செய்திருக்கவில்லை.

வகுப்பு முதலில் முழித்தது. பிறகு கிசுகிசுத்தது. பிறகு காத்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு புவியியல். அந்த ஆசிரியர் நல்ல மனசுக்காரர், எதையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறவர். குக்கர் ஒரு கேள்விக்குக் கையைத் தூக்கினாள். பதில் தெரிந்து தூக்கினாளா, கழுத்தைச் சொறியத் தூக்கினாளா என்பது கடைசிவரை தெரியவில்லை. அவர் அவளை மேசைக்கு முன்னால் வரவழைத்து, தோளில் தட்டி, வகுப்பு முழுவதையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். தேவைக்கு மேலேயே தட்டினார்கள். பின்பெஞ்சிலிருந்து நீளமாக ஒரு 'உஸ்ஸ்' வந்தது. இன்னொரு குரல், வழியனுப்பு விழாவாடா என்றது.

மேசையில் உலக உருண்டை இருந்தது. அவள் அதைத் தூக்கித் திறந்திருந்த கதவு வழியாக எறிந்தாள். எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையின் கண்ணாடி சரிந்து விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. உலக உருண்டை கடல்பக்கம் நசுங்கி, தாழ்வாரத்தில் உருண்டு போய்க் குப்பைக் கூடையருகே நின்றது.

கதவு மிஸ் அப்போது ஒன்றாம் வகுப்புக் கட்டடத்தில் இருந்தார். சேதி தெரிந்து ஓடிவந்தபோது அந்தப் பெண் தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகம், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அடுக்கி ஜிப்பை இழுத்து மூடியிருந்தாள். உள்ளே அவள் அம்மாவுக்குப் போன் போய்க்கொண்டிருந்தது.

கதவு மிஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக மூச்சை இழுத்துவிடச் சொல்கிறவருக்கு, அன்றைக்குத் தன் மூச்சை அடக்கவே நேரம் பிடித்தது. ஏன் எறிந்தாய் என்று கேட்கவில்லை. காலையிலிருந்து என்ன நடந்தது என்றுதான் கேட்டார். அவள் ஒவ்வொரு வகுப்பாகச் சொன்னாள். 

"எல்லாரும் பேசி வச்சுக்கிட்டுத்தானே மிஸ் சொன்னீங்க?"

பொய் சொல்லத் தோன்றியது. "ஆமா" என்றார்.

"எனக்குத் தமிழ் வகுப்புலயே தெரிஞ்சிடுச்சு."

"என்ன தெரிஞ்சது?"

"போன ஸ்கூல்ல கடைசி நாள் இப்படித்தான். என்னைக் கண்டா ஆகாத டீச்சர்கூட அன்னிக்குக் கன்னத்தைத் தட்டி நல்ல பொண்ணுன்னாங்க. சாயங்காலம் டி.சி.யைக் கையில குடுத்துட்டாங்க. அதுக்கு முந்தின ஸ்கூல்லயும் அதே மாதிரிதான்." பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "அனுப்புறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அதை நேரா சொல்லாம எதுக்கு மிஸ் கைதட்டுறீங்க?"

கதவு மிஸ் அந்தத் துறையில் பட்டம் வாங்கியவர். பாராட்டினால் பிள்ளைகள் மலர்வார்கள் என்று பக்கம் பக்கமாகப் படித்தவர். பாராட்டு ஒரு பிள்ளைக்கு வாசல் கதவைக் காட்டுவதாக இருக்கும் என்று எங்கேயும் படித்ததில்லை. அவளிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். குழாயடியில் ஒரு வாரம் நின்று பார்த்தவர், இவளைப் பற்றி எல்லாரிடமும் பேசியவர், இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரிச் சீருடையோடு வந்து சேர்ந்தாள். முழங்கைவரை ஈரம். மகளைப் பார்த்தாள், அடிக்கவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் நின்று பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பத் தயார் என்பதுபோல இருந்தது அது.

உள்ளே தலைமையாசிரியை மேசையில் டி.சி. விண்ணப்பத் தாளை எடுத்துவைத்திருந்தார். கதவு மிஸ் உட்காராமலே பேசினார். திட்டம் தன்னுடையது என்றார். எப்போது சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும், தனியாகவா கூட்டத்திலா என்று தான் யாருக்கும் விளக்கவில்லை என்றார். இந்தப் பெண்ணுக்குப் பழைய பள்ளிக்கூடங்களில் நடந்ததைச் சொன்னார். புவியியல் ஆசிரியரும் வந்து நின்று, நீங்க நாளைக்கே ஆரம்பிங்கன்னு சொன்னதாலதான் மேடம், கைதட்டல் என் சொந்த யோசனை என்று பாவமாக ஒப்புக்கொண்டார்.

"அதெல்லாம் சரிம்மா" என்றார் தலைமையாசிரியை. "கண்ணாடி உடைஞ்சது உடைஞ்சதுதானே? அந்த வழியா ஒரு சின்னப் பிள்ளை போயிருந்தா?"

போயிருந்தால் அடிபட்டிருக்கும்தான் என்று கதவு மிஸ் ஒப்புக்கொண்டார்.  பிறகு, "எறிஞ்சதுக்கு அவ பொறுப்பேத்துக்கணும் மேடம். ஆனா இன்னிக்கு அவளை அனுப்பினா, அவ நினைச்சதுதான் சரின்னு ஆயிடும். நாலாவது ஸ்கூல்ல யாராவது ஒருத்தர் அவளைப் பாத்து நல்லா சிரிச்சாலே பையைக் கட்டிடுவா" என்றார்.

தலைமையாசிரியை தாளைப் பார்த்தார். வாசலில் தெரிந்த அம்மாவைப் பார்த்தார். பெண்ணை உள்ளே கூப்பிட்டு, நாங்க என்னதான் பண்ணணுங்கிறே என்று கேட்டார். கேள்வியில் கொஞ்சம் சலிப்பு இருந்தது. ஆனால் கேட்டார்.

 அந்தப் பெண்ணே சொல்லட்டும் என்று கதவு மிஸ் தன் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

"தப்பா இருந்தா தப்புன்னே சொல்லட்டும்" என்றாள் கடைசியில். "முன்னாடி கூப்பிட வேணாம். கைதட்ட வேணாம்." பிறகு நிமிர்ந்து, "அந்த உஸ்ஸை மட்டும் யாராவது நிறுத்துங்க மேடம்" என்றாள்.

"எந்த உஸ்?" என்றார் தலைமையாசிரியை.

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வி அந்த அறையில் அப்போதுதான் கேட்கப்பட்டது. கதவு மிஸ் படிக்கட்டோடு விஷயத்தைச் சமாளித்துவிட்டதாக நினைத்து மேலே சொல்லாமல் இருந்தார். அன்று சொன்னார்.

தாள் இழுப்பறைக்குள் போகவில்லை, மேசையிலேயே ஓரமாக நகர்த்திவைக்கப்பட்டது. பருவம் முடிகிறவரை பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியை. உடைந்த பலகைக்குப் புதுக் கண்ணாடி வந்ததும், கிழிந்த அறிவிப்புகளைத் திரும்ப எழுதி ஒட்டுவது அந்தப் பெண்ணின் வேலை. 'உஸ்ஸ்' சொன்னால் அது இனி சண்டைக் கணக்கில் வரும் என்று அந்த வகுப்புக்கு அவரே வந்து சொன்னார். அம்மா பையை மகளிடம் கொடுத்துவிட்டு, அரை நாள் சம்பளம் போனது போகட்டும் என்று பஸ் பிடிக்கப் போனாள்.

அன்று ராத்திரி கணவர் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, ஏன் இஞ்சி தின்ன மாதிரி இருக்கே என்று கேட்டார். கதவு மிஸ் நடந்ததைச் சொன்னார். மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் செய்யவில்லை. தட்டை எடுத்துக் கழுவிவைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் கதவு மிஸ் சின்னதாகப் பேசினார். உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள், அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள், சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் சும்மா இருங்கள் என்றார். சும்மா இருங்கள் என்றது ஆசிரியர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. புதுக் கண்ணாடி வருவதற்குள்ளேயே அவள் ஒருத்தியின் பென்சில் பெட்டியை ஜன்னலுக்கு வெளியே தூக்கிப் போட இருந்தாள். கையை உயர்த்தி, நின்று, திரும்பப் பெஞ்சில் டமார் என்று வைத்தாள். பெட்டி உடையவில்லை. அதையும் யாரும் எங்கேயும் எழுதவில்லை.

பருவத் தேர்வு நெருங்கியபோது ஒருநாள் சாயங்காலம், படி திரும்புகிற இடத்தில் அந்தப் பெண் கதவு மிஸ்ஸிடம் வந்து நின்றாள். கையில் தமிழ்க் கட்டுரை. பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

"மறுபடி முதல்லேர்ந்து எழுதணுமாம் மிஸ்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு எரிச்சல். "ரெண்டாவது பாராவை மட்டும் வச்சுக்கலாமாம், அது படிக்க நல்லாருக்காம். மத்ததெல்லாம் குப்பையாம்."

"எப்ப குடுக்கணும்?"

"அடுத்த வாரம். அதுக்கடுத்த வாரம் இன்னொண்ணு இருக்காம். இந்தத் தமிழ் மிஸ் உயிரை எடுக்கிறாங்க."

கதவு மிஸ்ஸுக்கு எத்தனையோ நல்ல வார்த்தை வாயில் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. பெரிய கஷ்டம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அந்தப் பெண் கட்டுரையைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு, கீழே கேட்டருகில் காத்துக்கொண்டிருந்த தங்கைகள் இரண்டு பேரையும் ஏய், ஓடாதீங்கடீ என்று அதட்டியபடி இறங்கிப் போனாள்.